உரப்பையில் நொச்சிக் கொழுந்து

காலை 5.30, மடுல்கெல்ல

கண்டிக்குப் போகிற முதல் பஸ்ஸில் எனக்கு எப்போதும் ஒரே சீட்தான், பின் சக்கரத்துக்கு மேலே. அங்கே உட்கார்ந்தால் ரோட்டில் உள்ள ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் ஏறும். மடுல்கெல்லயிலிருந்து வத்தேகம வழியாகக் கண்டிக்கு இருபத்தெட்டு கிலோமீட்டர் என்கிறார்கள். குழிகளை ஏறி இறங்கும் தூரத்தையும் சேர்த்தால் கொழும்புக்கே போய்விடலாம். டிக்கட் நூற்றிருபது ரூபாய்.

மடியில் ஓர் உரப்பை. வாயைப் பழைய சேலைக் கிழிசலால் கட்டியிருந்தேன். கண்டக்டர் பையன் அதைத் தட்டிப் பார்த்தான்.

"என்ன அண்ணே, ஆட்டுக்குட்டியா?"

"இல்ல தம்பி, பொண்டாட்டி கை."

அவன் சிரித்துவிட்டு மூட்டைக்கு அரை டிக்கட் கிழித்தான். மடியில் இருப்பதற்கெல்லாம் டிக்கட்டா என்று கேட்டேன். "கை நல்லா வீங்கியிருக்கே அண்ணே, எடத்த அடைக்குது" என்றான். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். தோட்டத்தில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பத்துப் பேருக்கு ஒருவன்தான் இருப்பான். கோமாளி என்று கூப்பிட எல்லோரும் இருக்கிறார்கள்.

பையில் இருந்தது நொச்சி இலை. ஆனால் நான் சொன்னதும் பொய்யில்லை.

என் மனைவி கமலா பதினேழு வருஷம் கொழுந்து பறித்தவள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. காலையில் எழுந்தால் விரல்கள் மடங்கிய கிளைபோல விறைத்திருக்கும். சுடுதண்ணீரில் அரை மணி நேரம் வைத்தால்தான் விரியும். விரல் விரியாவிட்டால் நிறை வராது. நிறை வராவிட்டால் தோட்டத்தில் அரைப் பேர்தான் போடுவார்கள், அதாவது அரை நாள் சம்பளம். அவளால் தலை பின்னக்கூட முடியவில்லை. நான்தான் பின்னிவிட்டேன். நான் பின்னிய சடையைப் பார்த்து, "யாரு, மாட்டு வால முறுக்குறவனா பின்னுனான்?" என்று எங்கள் லயத்து வீட்டு வரிசையே கேட்டது.

எட்டு மாதத்துக்கு முன்னால் தெல்தெனியவில் ஒரு வைத்தியர் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். எங்கள் ஆள்தான். அவரும் ஒரு லயத்தில் பிறந்தவர். பச்சைநிற மாத்திரை முப்பது, இரண்டாயிரத்து நானூறு ரூபாய். அதோடு ஒரு நிபந்தனை போட்டார். மாதாமாதம் ஒரு பை நொச்சி இலை கொண்டுவர வேண்டும், முதல் பை அந்த வாரமே.

"ஒங்க மலையில வெளஞ்ச எலையிலதான் ஒங்களுக்கு மருந்து. அடுத்த மாச மாத்திர நீங்க கொண்டாந்த எலையில செஞ்சதா இருக்கும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். எங்கள் குடும்பம் எத்தனை தலைமுறையாக இலை பறிக்கிறது என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு கணக்கை விட்டவன் நான். ஆனால் பறித்த இலையில் ஒன்றுகூட எங்களுடையது இல்லை என்பது தெரியும். முதல்முறையாக ஒருவர் "ஒங்க எலை" என்கிறார். உள்ளே போனது மாத்திரையா மந்திரமா என்று யார் பார்த்தார்கள்?

முதல் மாத்திரையைச் சாயந்தரம் விழுங்கினாள். மறுநாள் காலையில் அவளே தலை பின்னிக்கொண்டு நின்றாள்.

காலை 7.35, கண்டி

மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கினேன். கண்டியில் நடக்கிறவர்கள் இரண்டு வகை, குளத்தைப் பார்க்க வந்தவர்களும் பஸ்ஸைப் பார்க்க வந்தவர்களும். நான் இரண்டாவது வகை. அந்தக் குளத்தை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. ஒரு பிளேன்டியும் மீன் வைத்த மாலு பாணும் நூற்றைம்பது ரூபாய். பாதியை வைத்துவிட்டு எழுந்தேன்.

காரணம், கமலாவின் மாத்திரை தீர்ந்து நான்கு நாளாகியிருந்தது. போன வாரம் தெல்தெனிய போனபோது வைத்தியர் கடை பூட்டியிருந்தது. சரி, நான்கு நாள்தானே, பழைய வலி கொஞ்சம் திரும்பும் என்று நினைத்தேன். பழைய வலி திரும்பவில்லை, அதைவிடப் பெரிய ஏதோ ஒன்று வந்தது. முந்தாநாள் முதல் வாந்தி. எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்றாள். நேற்று அடுப்படியில் விழுந்தாள். "மருந்து இல்லாமத்தாங்க, மாத்திரைய வாங்கிட்டு ஓடியாங்க" என்றாள். அதனால்தான் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் போகிறேன்.

காலை 9.10, திகன

கண்டியிலிருந்து திகன பதினைந்து கிலோமீட்டர், எழுபது ரூபாய். வைத்தியர் பதினொரு மணிக்கு முன் கடை திறப்பதில்லை. அதுவரை என் முழங்காலுக்கு ஏதாவது தைலம் வாங்கலாம் என்று திகனவிலேயே இறங்கினேன். தோட்டத்தில் எனக்குப் புல்லுக்கு மருந்தடிக்கிற வேலை. பதினாறு லீட்டர் டாங்கியை முதுகில் சுமந்து ஏறி இறங்கி, என் முழங்கால் பழைய கதவுபோல் சத்தம் போடும்.

மெயின் ரோட்டில் ஒரு நாட்டுமருந்துக் கடை. உள்ளே சுக்கு, மிளகு, மஞ்சள் எல்லாம் கலந்த வாசம். கதிரையில் உட்கார்ந்திருந்த கடைக்காரர் அறுபது வயதைத் தாண்டிய முஸ்லிம் பெரியவர், வெள்ளைத் தொப்பி. அவர்களை நானா என்றுதான் கூப்பிடுவோம்.

"வாங்கொ தம்பி. என்ன வேணும்?"

"முட்டிக்கு எண்ண வேணும் நானா. எனக்கு இல்ல, முட்டிக்கு."

அவர் சிரிக்கவில்லை. என் கையிலிருந்த பையைப் பார்த்தார். "பையில என்ன ஈக்கி? நொச்சி வாசம் வருது."

மூடிய பையை மணத்தில் கண்டுபிடித்த மனிதர். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவிழ்த்துக் காட்டினேன். அவர் ஒரு கை அள்ளினார். அள்ளியவர் என்னைப் பார்த்தார், இலையைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"இது என்ன, ரெண்டெல ஒரு மொட்டு?"

"ஆமா நானா. சுத்தமாப் பறிச்சது. ஒரு முத்தல் எல கெடையாது. ராத்திரியெல்லாம் ஒக்காந்து பொறுக்குனோம்."

"தேயிலக்குப் பறிக்கிற மாதிரி நொச்சிக்குப் பறிச்சா?"

"வேற எப்படிப் பறிக்கிறது?"

கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தம்பி, நொச்சில முத்தின எலையிலதான் சத்து ஈக்கி. அந்த எண்ண, அந்தக் கசப்பு எல்லாம் எல முத்தினாத்தான் ஊறும். வீக்கத்த வாங்குறதும் நோவ வாங்குறதும் அதுதான். கொழுந்துல தண்ணிதான் ஈக்கி. கொழுந்துலயே எல்லாம் ஈக்கிறது தேயிலைக்கு மட்டுந்தான். யாருக்குக் கொண்டுபோறீங்க?"

சொன்னேன். கமலாவின் மாத்திரையையும், எட்டு மாதமாக எட்டுப் பை கொடுத்ததையும் சொன்னேன்.

"எட்டுப் பையும் கொழுந்தா?"

"எட்டும்."

"அந்தாள் ஒண்டும் செல்லல்லயா? முத்தின எல கொண்டுவா எண்டு ஒருக்காலும் செல்லல்லயா?"

"இல்ல. நல்ல எல, நல்ல எலன்னு சொல்லுவாரு."

கடைக்காரர் அள்ளிய இலையை மெதுவாகப் பைக்குள் திரும்பப் போட்டார். ஒரு கொழுந்து கீழே விழுந்தது. குனிந்து அதையும் எடுத்துப் போட்டார். அந்த மரியாதை என்னைப் பயமுறுத்தியது.

"மாத்திர குடிச்சு எவ்வளவு நேரத்துல நோவு போச்சு?"

"ஒரு ராத்திரியில."

"எல மெல்ல வேல செய்யும் தம்பி. நொச்சியோ மஞ்சளோ இஞ்சியோ, வாரக்கணக்குல எடுத்தாத்தான் கொஞ்சம் கொஞ்சமா வீக்கம் எறங்கும். நான் நாப்பது வருஷமா இத விக்கிறேன். ஒரு ராத்திரில நோவெடுக்கிற எல எங்கிட்ட இல்ல. ஈந்தா நான் இந்தக் கதிரையிலயா குந்தீக்கிற?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவங்கட மொகம் உருண்டீக்கா? கன்னமெல்லாம் ஊதி?"

முழங்கால் வலி எங்கே போனது என்று தெரியவில்லை. கமலாவின் முகம் உருண்டுதான் இருந்தது. கன்னம் இரண்டும் தேங்காய் பன் மாதிரி ஊதியிருந்தது. கழுத்துக்குப் பின்னால் சதை வைத்திருந்தது. லயத்தில் எல்லோரும், "பொண்டாட்டிய நல்லா கவனிக்கிறான்யா" என்று என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். "பௌர்ணமி நம்ம வீட்டுலதான், கரண்டு பில் மிச்சம்" என்று நான் அவள் முகத்தை வைத்து எட்டு மாதமாகச் சிரிப்புக் காட்டியிருக்கிறேன். அவளும் கூடச் சிரித்தாள்.

"அது எல இல்ல தம்பி" என்றார். "அரைச்சுக் கலந்த இங்கிலீஷ் மருந்து. மாத்திரைய எடுத்துக்கிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. எல்லாத்தையும் செல்லுங்க, வெக்கப்படாம."

முழங்கால் தைலத்துக்கு முந்நூற்றைம்பது ரூபாயை நீட்டினேன். "பொறகு பாப்போம்" என்று கையைத் தள்ளிவிட்டார்.

காலை 11.15, தெல்தெனிய

திகனவிலிருந்து ஒன்பது கிலோமீட்டர், நாற்பத்தைந்து ரூபாய். பழைய தெல்தெனிய விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. மழை குறைந்த வருஷங்களில் பழைய சுவர்கள் தண்ணீருக்கு வெளியே தலை நீட்டும், பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். நான் எட்டிப் பார்க்கவில்லை. கடைக்காரர் பொறாமையில் சொல்லியிருப்பார், நானாவின் எண்ணெயை விட்டு நான் மாத்திரைக்குப் போகிறேன் அல்லவா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். நம்பி ஏமாந்தவனுக்கு, ஏமாந்தோம் என்று நம்புவதுதான் கஷ்டம்.

வைத்தியர் கடையில் ஐந்து பேர் எனக்கு முன்னால் இருந்தார்கள். எல்லோர் காலடியிலும் பை. அவசரத்துக்கு ஒதுங்க வேண்டும் என்று பின்பக்கம் போனேன்.

அங்கே கொய்யா மரத்தடியில் ஒரு குவியல். கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. உரப்பைகள், சீமெந்துப் பைகள், அரிசிப் பைகள். பெரும்பாலானவை அவிழ்க்கப்படவே இல்லை. என் பைகளைத் தேடக்கூட வேண்டியிருக்கவில்லை. அரக்குக் கரை போட்ட நீலச் சேலைக் கிழிசல், கமலாவின் பழைய சேலை. அவள் கிழித்துத் தருவாள், நான் கட்டுவேன், கொழுந்துச் சாக்குக்குப் போடுகிற முடிச்சு. அடியில் கிடந்த பை கறுத்துக் கூழாகி ஒழுகியிருந்தது. மேலே கிடந்தது போன மாதத்துப் பை. முடிச்சு போட்டது போட்டபடி இருந்தது.

எட்டு முடிச்சு. எட்டும் என் கையால் போட்டது.

தொழிற்சாலையில் கொழுந்து கொட்டும்போது தராசுக்காரன் ஈரத்துக்கென்று இரண்டு கிலோ வெட்டுவான், அதற்கே நாங்கள் சண்டை போடுவோம். இந்த ஆள் நிறுக்கவே இல்லை.

என் முறை வந்ததும் உள்ளே போனேன். அடித்துவிடலாம் என்றுதான் போனேன். முறை வரும்வரை அவருக்குச் சொல்ல நல்ல கெட்ட வார்த்தைகளாகச் சேர்த்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும் வந்தது, "வணக்கங்க ஐயா."

"வாங்க தம்பி. எல கொண்டாந்தீங்களா? நல்ல எல."

"ஐயா இன்னும் அவுக்கவே இல்லீங்களே."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் பின்கதவைக் காட்டினேன். "பழசையும் அவுக்கல. கொய்யா மரம்தான் நல்லா வளந்திருக்கு. அதுக்கு மூட்டு வலி இல்ல போல."

பின்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு அமைதியாகக் கேட்டார். "ஒங்க சம்சாரத்துக்குக் கை வலி போச்சா, இல்லையா?"

"போச்சுங்க."

"வேலைக்குப் போனாங்களா?"

"போனாங்க."

"பொறகு என்ன தம்பி?"

"அப்ப எலை எதுக்குங்க கேட்டீங்க?"

"சும்மா மாத்திரைய நீட்டுனா, இதுல என்ன இருக்குன்னு கேப்பீங்க. எலையக் கொண்டாந்தா கேக்க மாட்டீங்க" என்றார். என்னை ஏமாற்றிய குற்றவுணர்வு அவர் முகத்தில் இல்லை. ஒரு தொழில் நுட்பத்தைச் சொல்லிக்கொடுக்கிற முகம். "நானும் லயத்துல பொறந்தவன். நம்ம சனத்தப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"மாத்திரையில என்னங்க இருக்கு?"

"மருந்து. இங்கிலீஷ் மருந்தும் மரப்பட்டையிலயும் எலையிலயும் இருந்து வந்ததுதான். வேணுமா, வேணாமா? ஆள் நிக்குது."

கமலா விழுந்து கிடக்கிறாள். இரண்டாயிரத்து நானூறை எண்ணி வைத்தேன். மாத்திரையை வாங்கிக்கொண்டேன். வெளியே வரும்போது "நன்றிங்க ஐயா" என்றேன். உண்மையாகவே சொன்னேன். அந்தச் சத்தத்தை இன்னும் என் காதிலிருந்து துடைக்க முடியவில்லை. ஒன்று மட்டும் செய்தேன், ஒன்பதாவது பையை அங்கே வைக்கவில்லை.

பிற்பகல் 1.50, கண்டி

ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரர் பையை வெளியே வைக்கச் சொல்ல, ஒரு சண்டை. உள்ளே முக்கால் மணி நேர வரிசை. கடைசியில் ஒரு இளம் டொக்டரம்மா. பேச்சில் யாழ்ப்பாணம்.

நானா சொன்னபடி வெட்கப்படாமல் எல்லாவற்றையும் சொன்னேன். நொச்சிக் கொழுந்தையும் சொன்னேன். அவர் ஒரு மாத்திரையை உடைத்துப் பார்த்தார்.

"எத்தினை மாசமாக் குடிக்கிறா?"

"எட்டு மாசங்க."

"நிப்பாட்டி?"

"நாலு நாள். இன்னைக்கி அஞ்சு."

"சத்தி எடுக்கிறாவோ? தலை சுத்தோ?"

"வாந்தி, தலசுத்து ரெண்டும். நேத்து விழுந்துட்டாங்க."

பேனாவைக் கீழே வைத்தார். "ஸ்டீரொய்ட் கலந்திருக்கெண்டுதான் நான் நினைக்கிறன். உடம்பு தானாச் சுரக்கிற ஒண்டை இது மாசக்கணக்காக் குடிச்சா நிப்பாட்டிப்போடும். மாத்திரையும் இல்லை, சுரப்பும் இல்லையெண்டா ஆள் தாங்காது. நாளைக்கெண்டு வச்சிராதேங்கோ. இண்டைக்கே, இப்பவே கொண்டு வரவேணும்."

"எலைதான்னு நெனச்சேங்க."

"இலையில மருந்து இல்லையெண்டு நான் சொல்லேல்லை அண்ணை. இந்த மாத்திரையில இலை இல்லை. ஃபோன் இருக்கோ? எடுங்கோ."

லயத்தில் பக்கத்து வீட்டு மாரியப்பனிடம் திரீவீல் ஆட்டோ இருக்கிறது. "கமலாவைக் கண்டி டாக்டர்கிட்டக் கூட்டியா, ஓடியா" என்று மட்டும் சொன்னேன். அதோடு ஃபோனில் காசு முடிந்தது.

மாலை 4.25, அதே வாசல்

அதுவரை வாசலில் நின்றேன். வந்த ஒவ்வொரு திரீவீலும் மாரியப்பனுடையதாகத் தெரிந்தது. சிரிப்புக் காட்டுகிறவனுக்குத் தனியாக நிற்கும்போது வேலையே இல்லை என்பதை அன்றுதான் கண்டுகொண்டேன்.

வந்தாள். மாரியப்பனின் மனைவி அவளைத் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தாள். தலை பின்னவில்லை. முகம் வெளுத்துப்போய், அந்த உருண்டை முகத்தில் கண் மட்டும் உள்ளே போயிருந்தது. மடியில் ஓர் உரப்பை. வாயில் நீலச் சேலைக் கிழிசல்.

"இது என்னம்மா?" என்று கேட்டேன்.

"டாக்டர்கிட்டன்னு சொன்னீங்களாம். வெறுங்கையோடவா வாறது?" என்றாள் கமலா. பேச்சு குளறியது. "வேலியோரம் போயி... கொஞ்சந்தான் பறிக்க முடிஞ்சுது."

மாரியப்பன் என் காதோடு சொன்னான். "எவ்வளவு சொல்லியும் கேக்கல அண்ணே. நிக்க முடியாம, தரையில ஒக்காந்து பறிச்சிச்சு."

தள்ளுவண்டி வந்தது. டொக்டரம்மாவே வாசல் வரைக்கும் வந்தார். உள்ளே கொண்டுபோகும்போது கமலா என் கையைப் பிடித்தாள். விரல்கள் மறுபடி வீங்கி, விரியாமல் இருந்தன.

"எலைய வாங்கிக்கிட்டாங்களா?"

"வாங்கிக்கிட்டாங்க" என்றேன்.

கையில் இரண்டு பையோடு நின்று சொன்ன பொய். என் வாழ்நாளில் சொன்னதில் இதற்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை.

மாலை 6.10, திரும்பும் பஸ்

ஆபத்தைத் தாண்டிவிட்டாள் என்றார்கள். ஊசியும் சேலைனும் ஏறியதும் கண்ணைத் திறந்தாள். இனிமேல் அந்த மருந்தைச் சரியான அளவில் கொடுத்து, மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறைப்பார்களாம். குறையக் குறையப் பழைய வலி திரும்பும், அதற்கு வேறு சிகிச்சை இருக்கிறது, கிளினிக்குக்குத் தவறாமல் வரவேண்டும் என்று டொக்டரம்மா சொன்னார். விரல் பழையபடி ஆகுமா என்று கேட்டேன். "ஓம்" என்று அவர் சொல்லவில்லை.

பெண்கள் வார்டில் ஆண்கள் தங்க முடியாது. மடுல்கெல்லவுக்குப் புறப்பட்டேன். போகும் வழியில் இரண்டு பையையும் கொட்டிவிடலாம் என்று குப்பைத் தொட்டி வரை போனேன். கமலாவின் பையை அவிழ்த்தேன். ஒரு காம்பு, ஒரு முத்தல் இலை இல்லை. எல்லாம் இரண்டு இலை ஒரு மொட்டு. வீங்கிய விரலால் தரையில் உட்கார்ந்து பறித்தவள் அதில்கூடத் தரம் குறைக்கவில்லை. மறுபடி கட்டிக்கொண்டேன்.

கண்டிக்கு வருகிறவர்கள் வாசனைத் திரவியத் தோட்டம் பார்த்து, மூலிகை எண்ணெயால் உடம்பு பிடித்துக்கொண்டு, இந்த மண்ணில் எதற்கும் மருந்து இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு போகிறார்கள். இருக்கிறது. எங்கள் வேலியிலேயே இருக்கிறது. எந்த இலையைப் பறிக்க வேண்டும் என்பதைத்தான் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இலை என்றால் கொழுந்து, கொழுந்து என்றால் யாரிடமாவது கொடுப்பது. அது மட்டுமே தெரிந்த சனம் நாங்கள்.

பின் சக்கரத்துக்கு மேலே அதே சீட். காலையில் வந்த அதே கண்டக்டர் பையன். மடியைப் பார்த்தான்.

"என்ன அண்ணே, காலையில ஒன்னு, இப்ப ரெண்டு! பொண்டாட்டி ரெண்டு கையும் ஒங்க மடியிலயா?"

பஸ்ஸில் சிலர் சிரித்தார்கள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று திரும்பிப் பார்த்தார்கள். அவன் அரை டிக்கட் கிழிக்கப் போனான்.

"அரை வேணாம் தம்பி" என்றேன். "ரெண்டுக்கும் முழுசாவே போடு."